மணி எந்தப் பக்கம் இருந்தது?

முதல் தடவை பார்த்தபோது எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அழைப்பு மணியின் வயர் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. நுனியில் இருக்கும் பொத்தான் சுவர்ப்பக்கம் செருகிக் கிடந்தது. விரிப்பு மாற்றும்போது யாரோ ஒதுக்கியிருப்பார்கள் என்று நினைத்து, அவிழ்த்து, அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். காலை ஆறரை மணி. இன்னும் பதினொரு பேரை எழுப்பி முகம் கழுவிவிட வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் அப்படியே. அதற்கடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் அதே மூன்று சுற்று. தற்செயலாக ஒதுக்கிய வயர் இப்படி ஒரே மாதிரி இருக்காது என்பது எனக்கு உறைக்கப் பதினொரு நாள் ஆனது.

முதியவர்களும், தாமாக எழுந்து நடமாட முடியாத பெரியவர்களும் தங்கியிருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். எந்த இடம் என்பது வேண்டாம். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்களுக்கும், அப்பாவையோ அம்மாவையோ அண்ணனையோ இப்படி ஓர் இடத்தில் விட்டிருப்பவர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறும், ஆனால் புத்தி தெளிவு. நேற்று யார் எத்தனை மணிக்கு அறைக்கு வந்தார்கள் என்று கேட்டால் சரியாகச் சொல்வார். ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடம் பிடிக்கும். அந்த ஒரு நிமிடம் நிற்க எங்களுக்கு நேரமில்லை. அதனால் யாரும் அவரை எதுவும் கேட்பதில்லை. அவர் பேசமாட்டார் என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நாங்களும் திருத்தவில்லை.

இரவு டியூட்டி பார்த்தவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். எனக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். மெலிந்த தோல் உரியாமல் ஒருவரை எப்படிப் புரட்ட வேண்டும், தூக்கும்போது முதுகை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும், படுக்கைப்புண் வருவதற்கு முன் தோல் எந்த இடத்தில் எப்படிச் சிவக்கும், எல்லாம் அவர் கற்றுத் தந்தது. அந்த நன்றிதான் என் கண்ணை மறைத்தது. துன்புறுத்துகிறவர் என்றால் முகத்திலேயே தெரியும் என்று நமக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. நமக்குப் பிடித்தவர், நமக்கு நல்லது செய்தவர் என்றால் அந்தப் பக்கம் பார்வையே போகாது.

பன்னிரண்டாம் நாள் காலையில் உடம்பு துடைக்கும்போது பார்த்தேன். இடது மேல்கையின் உட்புறம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, வரிசையாக நான்கு நீலத் தழும்புகள். கையின் மறுபுறத்தில் ஒன்று, சற்றுப் பெரியதாக. தொடாமல் என் கையை அதன் அருகில் கொண்டுபோனேன். நான்கு விரலும் கட்டைவிரலும் அப்படியே பொருந்தின.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வயதானவர்களுக்குச் சாதாரணமாகவே கன்றும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக இடித்தாலே கன்றிவிடும். அந்த அம்மாவும் அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்தான். ஆனால் தற்செயலாக இடித்துக்கொண்டால் பெரும்பாலும் முழங்கையிலும் முன்கையிலும் கணுக்காலிலும் அடிபடும். மேல்கையின் உட்புறம், தொடையின் உட்புறம், கழுத்து, காதுக்குப் பின்னால், முதுகு, இங்கெல்லாம் கன்றியிருந்தால் எப்படி வந்தது என்று கேட்டே ஆகவேண்டும். இரண்டு கையிலும் ஒரே உயரத்தில் இருந்தாலும், விரல் அல்லது பெல்ட் வடிவம் தெரிந்தாலும் அப்படித்தான். நிறத்தைப் பார்த்து ‘இது மூன்று நாள் பழசு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நிறத்தை வைத்து நாள் கணக்கு நிச்சயமாகச் சொல்ல முடியாது. என்ன நிறம் கண்டீர்களோ அதை மட்டும் எழுதினால் போதும்.

கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். “இந்தக் கையில என்ன ஆச்சும்மா, சொல்றீங்களா?” என்று கேட்டேன். ‘அக்காவா இப்படிப் பண்ணாங்க?’ என்று நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளையாகக் கேட்கவில்லை. நாமே பதிலை வாயில் வைத்துக் கேட்டால், பயந்தவர் ஆமாம் என்றும் சொல்லிவிடுவார், இல்லை என்றும் சொல்லிவிடுவார். பின்னால் விசாரணை என்று வரும்போது, ‘நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொன்னார்’ என்று அந்த வார்த்தைக்கே மதிப்பில்லாமல் போய்விடும். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, அப்புறம் என்ன, இந்த மூன்று கேள்விகளுக்கு மேல் நாம் தாண்டிப் போகக்கூடாது.

அவர் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. இரவில் மணியை எடுத்துக் கட்டிவிடுகிறார்கள். டயபர் நனைந்து எரிச்சல் தாங்காமல், ஒரு நாள் டம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டியிருக்கிறார். மறுநாளிலிருந்து டம்ளரும் தூரத்து மேசைக்குப் போய்விட்டது. அப்புறம் வெறும் கையால் கம்பியைப் பிடித்து ஆட்டியிருக்கிறார். அந்தக் கையைத்தான் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள்.

டம்ளர் தூரத்து மேசையில் இருந்ததையும் நான் பார்த்திருக்கிறேன். காலையில் அவர் உதடு வெடித்துக் காய்ந்திருப்பதைப் பார்த்து எண்ணெய் தடவிவிட்டிருக்கிறேன். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க என் மூளைக்குத் தோன்றவே இல்லை.

சொல்லி முடித்துவிட்டு அவர் கேட்டது இதுதான்: “யார்கிட்டயும் சொல்லாதே. நீ சாயந்தரம் போயிடுவே. ராத்திரி நான் இங்கதான் இருக்கணும்.”

சரி என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். எதிரில் ஒருவர் அப்படி நடுங்கும்போது வேறு என்ன சொல்ல வரும்? ஆனால் அந்த வாக்கை மட்டும் யாரும் யாருக்கும் கொடுக்கக்கூடாது. கொடுத்துவிட்டு மீறினால் அவர் நம்பிய ஒரே ஆளும் போய்விடுவார். கொடுத்துவிட்டுக் காப்பாற்றினால் இரவு இரவாகவே தொடரும். “அப்படி என்னால வாக்குக் கொடுக்க முடியாதும்மா. உங்களைப் பத்திரமா வெச்சுக்கணும்னா ஒருத்தர்கிட்ட சொல்லியாகணும். யார்கிட்ட, என்ன சொல்லப்போறேன்னு முதல்ல உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்” என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

அதே மணி நேரத்தில் எழுதினேன். தேதி, நேரம், அறையில் யார் யார் இருந்தார்கள், தழும்பு எந்த இடத்தில், எத்தனை, அளவுகோல் வைத்து எத்தனை சென்டிமீட்டர். ஒரு தாளில் மனித உருவம் வரைந்து இடத்தைக் குறித்தேன். அவர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே மேற்கோள் குறிக்குள் போட்டேன். ‘மோசமாக நடத்தப்பட்டார்’ என்பது என் கருத்து. ‘கையை இறுக்கிப் பிடிச்சா’ என்பது அவர் வாக்குமூலம். எழுதும்போது இந்த இரண்டையும் கலக்கவே கூடாது. செல்போனில் படம் எடுக்கவில்லை. அவர் சம்மதமில்லாமல், முறைப்படி இல்லாமல், அவர் உடம்பின் படம் என் போனில் இருப்பதும் அத்துமீறல்தான்.

மாலையில் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். ‘இழுத்தார்’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். இல்லை என்று தலையாட்டினார். “இழுக்கலை. பிடிச்சா.” திருத்தினேன். தனக்குக் கெடுதல் செய்தவர்மேல்கூட செய்யாத ஒன்றைச் சொல்ல அவருக்கு மனமில்லை. அதற்கப்புறம் இதெல்லாம் இவர் கட்டிவிட்ட கதை என்று யார் சொன்னாலும் எனக்கு ஏறவில்லை.

மேற்பார்வையாளர் தாளைப் படித்துவிட்டு, மாத்திரை சாப்பிடுகிறவர், தொட்டாலே கன்றும் என்றார். அது உண்மைதான். அதனால்தான் பதில் சொல்லத் திணறினேன். இப்போதானால் திணறமாட்டேன். காரணம் என்ன என்று மருத்துவரும் விசாரிக்கிறவர்களும் முடிவு செய்யட்டும், கண்டதையும் கேட்டதையும் சொல்வதோடு என் பொறுப்பு நிற்கிறது. ‘கட்டில் கம்பியில் இடித்துக்கொண்டார்’ என்று மாற்றி எழுதச் சொன்னார். மாட்டேன் என்றேன். பார்க்கலாம் என்றார்.

நான் இரண்டு நாள் காத்திருந்தேன். அந்த இரண்டு இரவும் அதே அக்காதான் டியூட்டியில் இருந்தார். இதில் நான் மிகப்பெரிய தப்பு செய்தது இந்த இரண்டு இரவுகளில்தான். சந்தேகம் வந்த அன்றே, சந்தேகத்துக்குரியவர் அந்த அறைக்குத் தனியாகப் போகாமல் செய்திருக்க வேண்டும். உள்ளே யாரும் அசையவில்லை என்றால் அன்றே வெளியே போயிருக்க வேண்டும். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்றால் நேராகக் காவல்துறை. மற்றபடி ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தின் 42ஆவது பிரிவின்படி, பராமரிப்புத் தேவைப்படுகிற, தன்னைத் தானே காத்துக்கொள்ள முடியாத ஒருவருக்குக் கொடுமை நடக்கிறது என்று நியாயமான சந்தேகம் வந்தாலே உள்ளாட்சி மன்றம் விசாரித்தாக வேண்டும். ஆதாரம் இருந்தால்தான் சொல்லலாம் என்பதில்லை. இந்தியாவில் மூத்த குடிமக்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் எந்த வாசல் என்று, தேவை வருவதற்கு முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் தேடினால் கிடைக்காது.

மூன்றாம் நாள் நான் வெளியே சொன்னேன். சொன்னதற்கு அப்புறம் சில மாதங்கள் உடன் வேலை செய்கிறவர்கள் என்னோடு பேசவில்லை. இதை மறைத்துவிட்டுத் தைரியமாகச் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனமில்லை. சொன்னால் தனியாகிவிடுவோம் என்பது பெரும்பாலும் உண்மை. எழுதிய தாளின் தேதியும், யாரிடம் எப்போது கொடுத்தோம் என்ற குறிப்பும் மட்டும்தான் அப்போது துணை.

சொன்ன பின்னும் கேட்கமாட்டார்கள் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் அருகே விண்டர்போர்ன் வியூ என்று ஒரு தனியார் மருத்துவமனை. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ளவர்களுக்கானது. அங்கே வேலை பார்த்த மூத்த செவிலியர் ஒருவர் நிர்வாகத்திடம் சொன்னார், கண்காணிப்பு அமைப்பிடமும் சொன்னார். அசைவில்லை. கடைசியில் பிபிசி ரகசியக் கேமராவில் படம்பிடித்து 2011 மே மாதம் ஒளிபரப்பிய பிறகுதான் உலகம் பார்த்தது. இடம் மூடப்பட்டது. 11 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் 6 பேருக்குச் சிறை. ஒரு வாசல் திறக்கவில்லை என்றால் அடுத்ததைத் தட்டவேண்டும் என்று நான் எடுத்துக்கொண்டது இதிலிருந்துதான்.

விசாரணையில் வெளிவந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்த அக்கா பல நாள் பகல் ஷிப்ட் முடித்து அப்படியே இரவும் தொடர்ந்திருக்கிறார். இரவில் 22 பேருக்கு ஒரே ஆள். மணி அடித்தால் ஓட வேண்டும், ஓடினால் அங்கே இன்னொரு மணி. கட்டிவிட்டார். அவர் செய்தது கொடுமைதான், அதற்குச் சமாதானம் கிடையாது. அவரை வேலையிலிருந்து எடுத்தார்கள், அது சரி. ஆனால் அவரை மட்டும் அனுப்பிவிட்டு இரவில் ஒரே ஆள் என்பதை அப்படியே விட்டிருந்தால், அடுத்து வருகிறவரும் வயரைச் சுற்றியிருப்பார். தண்ணீர் எட்டாமல் வைப்பது, கழிவறைக்குக் கூட்டிப்போக ஆளில்லாமல் ‘டயபரிலேயே போங்க’ என்பது, சத்தம் வராமலிருக்கத் தூக்க மாத்திரை கேட்டு வாங்குவது, இவையெல்லாம் ஓர் இடத்தின் வழக்கமாகவே ஆகிவிட்டால் அது அந்த நிறுவனமே செய்யும் கொடுமை.

பராமரிப்பு நிறுவனங்களில் வேலை செய்கிறவர்களில் மூன்றில் இருவர், கடந்த ஓராண்டில் தாங்களே ஏதோ ஒரு வகையில் முதியவர்களைத் துன்புறுத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாங்கள் எல்லாம் அப்படியா என்று. அப்புறம் என் ஒரு நாளை மட்டும் எடுத்து எண்ணிப் பார்த்தேன். படுத்திருப்பவரின் தலைக்கு மேலே இன்னொருவரிடம் பேசிக்கொண்டே துணி மாற்றியது. சொல்லாமல் போர்வையை இழுத்தது. அந்தக் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது.

விசாரிக்க வந்தவர் செய்த ஒரு காரியத்தை நான் மறக்கமாட்டேன். அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, உங்களுக்கு என்ன நடக்க வேண்டும் என்று கேட்டார். அவர் சொல்லி முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம், அதுதான் பாதுகாப்பு என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு அது வேண்டாம். அந்த ஜன்னல் பக்கத்துப் படுக்கை வேண்டும். காவல் நிலையம் போக இஷ்டமில்லை. ஒருவர் எடுக்கும் முடிவு நமக்கு முட்டாள்தனமாகத் தெரிகிறது என்பதால் அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று ஆகிவிடாது. இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டம் இதை வெளிப்படையாகவே சொல்கிறது. திறன் உண்டு என்றுதான் தொடங்க வேண்டும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதுவும் அந்த ஒரு முடிவுக்கு மட்டும். மறதி நோய் உள்ளவரால் வீட்டை விற்கும் பத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியாமலிருக்கலாம். யார் தன்னைக் குளிப்பாட்ட வேண்டும், யார் கூடாது என்று அவரால் தெளிவாகச் சொல்ல முடியும். ஆனால் அவர் வேண்டாம் என்றாலும் நாம் சொல்லியே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு: கொடுமை செய்தவர் மற்றவர்களையும் பார்த்துக்கொள்கிற பணியில் இருந்தால். பக்கத்து அறைக்காரரின் இரவும் அதே கையில்தானே இருக்கிறது. இதை அவரிடம் விளக்கினார்கள். ஒப்புக்கொண்டார்.

கடைசியாக அவர் கேட்டதுதான் என்னை உலுக்கியது. இடது கையை உயர்த்திக் காட்டி, “மணியை இந்தக் கையில கொடுங்க” என்றார்.

மணியின் இணைப்பு கட்டிலுக்கு வலப்பக்கச் சுவரில் இருந்தது. அதனால் நான் ஒவ்வொரு காலையும் வயரை அவிழ்த்து, அக்கறையாக, அவருடைய வலப்பக்கத்தில்தான் வைத்துக்கொண்டிருந்தேன். விழுந்துபோன கைப்பக்கம். இடது கையை மார்புக்குக் குறுக்கே நீட்டித் தடவித் தேடினால்தான் பொத்தான் கிடைக்கும். நான் வருவதற்கு முன்பிருந்தே அப்படித்தான் வைத்தார்கள், நானும் வைத்தேன். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை. கட்டிலைத் திருப்பிப் போட அரை மணி நேரம் ஆனது.

அதற்கப்புறம் ஷிப்ட் தொடங்கும்போது ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், அவரால் அசைக்க முடிந்த கையை மெல்ல நீட்டச் சொல்வேன். அந்தக் கை எட்டும் தூரத்தில் மணி, தண்ணீர், கண்ணாடி, காது கேட்கும் கருவி நான்கும் இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒருவருக்கு முழுசாக ஒரு நிமிடம்கூட ஆகாது.

உறவினர்கள் கேட்பார்கள், நாங்கள் எதைப் பார்க்கணும் என்று. எப்போதும் ஒரே நேரத்தில் போகாதீர்கள். கொஞ்ச நேரமாவது ஆள் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். கேள்வி அவரிடம் கேட்கும்போது பதில் வேறொருவர் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தால் கவனியுங்கள். எங்கள் இல்லத்தில் ஒருவரைப் பார்க்க வந்த சொந்தக்காரப் பையன் எப்போதும் அப்படித்தான், ‘மாமாவுக்கு எதுவும் ஞாபகமில்லை’ என்று அவரை வைத்துக்கொண்டே சொல்வான். அவருடைய கண்ணாடி இரண்டு மாதமாக உடைந்து கிடந்தது, வாங்கித் தரவில்லை. படிக்க முடியாதவரிடம் கையெழுத்து வாங்குவது சுலபம் என்பது பின்னால்தான் தெரிந்தது. நகம், உதடு, கண்ணாடியின் அழுக்கு, காதுக் கருவியில் பேட்டரி இருக்கிறதா, எடை குறைகிறதா, குறிப்பிட்ட ஒருவர் அறைக்குள் வந்தால் பேச்சு நிற்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். பகலெல்லாம் தூங்கி வழிந்தால் மருந்துச் சீட்டைக் கேளுங்கள், புதிதாக என்ன சேர்ந்திருக்கிறது, எதற்காக என்று. பாலியல் ரீதியாக ஏதோ நடந்திருக்கும் என்று சந்தேகம் வந்தால் குளிப்பாட்டாதீர்கள், துணியைத் துவைக்காதீர்கள். அழுக்கோடு விடுவது கஷ்டமாக இருக்கும், இருந்தாலும் மருத்துவரும் காவல்துறையும் வரும்வரை அப்படியே இருக்கட்டும். யார்மேல் சந்தேகமோ அவரிடம் நேராகப் போய்ச் சண்டை போடாதீர்கள். நீங்கள் வெளியே வந்துவிடுவீர்கள், உங்கள் அம்மா உள்ளே இருப்பார்.

போனதும் முதலில் மணி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். அவரையே அழுத்தச் சொல்லுங்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து, யாராவது வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.